கண்மாய்க்குள் கோடு போட்ட ஆஸ்பத்திரி

தாயி,

உன்னையும் மாப்பிள்ளையையும் விமானம் ஏற்றிவிட்டு ஊர் திரும்பிய நாளிலிருந்து என்னை நிறுத்திக் கேள்வி கேட்காத ஆள் இல்லை. "மகளுக்கு ஜப்பான்ல என்ன வேலை?" என்பதுதான் கேள்வி. நானும் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி சொல்லிப் பார்த்துவிட்டேன். புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் படம் வரைகிறாள் என்றால், "அப்ப டாக்டர் இல்லையா?" என்று முகம் வாடிப்போகிறது. நேற்று நயினார்கோவில் டீக்கடையில் ஒருத்தரிடம், அயனிக் கற்றையை வைத்து வைத்தியம் பண்ணும் ஆஸ்பத்திரி என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "அய்யனார் பேருல ஆஸ்பத்திரியா? நல்ல காரியம், நல்லா இருக்கட்டும்" என்றார். திருத்த மனசு வரவில்லை. உன் வேலைக்கு அய்யனாரும் துணை இருந்துவிட்டுப் போகட்டும் என்று டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கல்யாணக் கூட்டத்தில் உன்னிடம் நிதானமாகப் பேச முடியவில்லை. பந்தி, பாத்திரம், வேன் என்றே பொழுது போய்விட்டது. மிளகாய்க் காட்டையும் பார்த்துக்கொண்டு இந்த ஊர்த் தபால் நிலையத்தையும் இத்தனை வருஷம் பார்த்தவன் நான். ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சொந்த மகளுக்கு இப்படி உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் வாய்த்திருக்கிறது. உன் அம்மா வீட்டில் இல்லை. அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதனால் பொழுது நிறையக் கிடக்கிறது.

நீ நாலாம் வகுப்புப் படித்தபோது உன் அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே எங்கேயோ புற்று என்றார்கள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கோபால்ட் மெஷினில் படுக்க வைத்து, முகத்துக்கு இரண்டு பக்கமும் கதிர் கொடுத்தார்கள். வாரக்கணக்கில் அங்கேயே தங்கினோம். அவள் பிழைத்து வந்தது நாம் செய்த புண்ணியம். ஆனால் கட்டியைச் சுட்ட அந்தக் கதிர், போகிற வழியில் எச்சில் ஊறும் சுரப்பிகளையும் சுட்டுவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு வாய் காய்ந்தே கிடக்கும். கையில் தண்ணீர்ச் செம்பு இல்லாமல் அவள் எங்கும் போனதில்லை. இட்லியைக்கூட ரசத்தில் மிதக்கவிட்டுத்தான் சாப்பிட முடியும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவள் இல்லை. யாராவது செம்பைப் பார்த்தால், "எங்க ஊரே தண்ணியில்லாக் காடு, என் வாய் மட்டும் எப்படி நனைஞ்சிருக்கும்?" என்பாள். நீதான் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். என்ன நினைக்கிறாய் என்று மட்டும் தெரியாது.

அது தெரிந்தது நீ மதுரையில் இயற்பியல் படித்து, மேற்படிப்புக்குப் போன பிறகுதான். ஒரு விடுமுறையில் நான் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். நீ வரப்பில் வந்து உட்கார்ந்து, "அய்யா, இந்த வாய்க்கால் தண்ணி மாதிரிதான் கோபால்ட் கதிர். போற வழி பூராவும் நனைச்சுக்கிட்டே போகும், செடியைத் தாண்டியும் ஓடும். அம்மாவுக்கு அதான் நடந்துச்சு" என்றாய். "வேற எப்படித்தான் பாயும்?" என்றேன். "குழாய் போட்டு நேரா வேர்ல கொண்டுபோய் விட்டா? வழியில அதிகம் சிந்தாது. வேருக்குப் போய்க் கொட்டிட்டு அங்கனயே நின்னுரும். அயனிக் கற்றை அந்த மாதிரி" என்றாய். கார்பன் அணுவின் எலக்ட்ரான்களை உரித்துவிட்டு, வட்டமான பாதையில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு வேகம் ஏற்றி, கட்டி இருக்கிற ஆழத்தில் போய் நிற்கிற மாதிரி அனுப்புவார்களாம். கார்பன் என்றால் அடுப்புக்கரியில் இருப்பதுதான் என்று அம்மாவிடம் சொன்னாய். "ஏண்டி, கரியை வச்சு வைத்தியம் பாக்கவா உன்னை இம்புட்டுப் படிக்க வச்சோம்?" என்று அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. "உனக்கு அது இருந்திருந்தா எச்சில் போயிருக்காதும்மா" என்றாய். அவள் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, "சரி, அடுத்தவளுக்காவது போகாமப் பாரு" என்று சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டாள். இதுதான் உன் வேலைக்கு உன் அம்மா போட்ட உத்தரவு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு நீ வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரி, அப்படி ஓர் இடத்தை நம் நாட்டில் கட்ட முடியுமா என்று திட்டம் போட ஆரம்பித்தது. சிகிச்சை அறைகளும் அவற்றுக்குப் போகும் வழிகளும் உன் பொறுப்பில் வந்தன. அந்தச் சித்திரையில் நீ லீவில் வந்தபோது கையில் சுருட்டிய படங்களும் முகத்தில் தூக்கமில்லாத களையுமாக இருந்தாய். உன்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் காகிதத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்றாய். "வழி வளைஞ்சு போகணும்யா. கதிர் சுவத்துல பட்டுப் பட்டு வலுவிழந்துரும், வெளிய வராது. ஆனா ஸ்ட்ரெச்சர் திரும்புமா, நோயாளி பயப்படுவாகளா, ஒண்ணும் தெரியமாட்டேங்குது. காகிதத்து மேல நடந்தா பாக்க முடியும்?" பேசிக்கொண்டே வந்தவள் கரையில் நின்று காய்ந்து கிடந்த கண்மாயைப் பார்த்தாய். நான் அப்போதே புரிந்துகொண்டேன். அடுத்த நாள் காலையில் நீ சுண்ணாம்புப் பொடி கேட்டாய்.

நம் கண்மாய் எத்தனையோ பார்த்திருக்கிறது. கபடி பார்த்திருக்கிறது, கிரிக்கெட் பார்த்திருக்கிறது, கட்சிக் கூட்டம் பார்த்திருக்கிறது. ஒரு ஆஸ்பத்திரியை அன்றுதான் பார்த்தது. நடுவில் ஒரு முளையடித்துக் கயிற்றைக் கட்டி நீ சுற்றி வந்து போட்ட பெரிய வட்டம்தான் அயனிகள் ஓடுகிற பாதை. அதிலிருந்து கிளை பிரிந்து மூன்று அறைகள். சுவருக்கு நீ இரண்டு கோடு போட்டாய். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் கை நீட்டிப் படுக்கலாம். "இது கோட்டைச் சுவரா தாயி?" என்று கேட்ட சண்முகத்திடம், "கோட்டையைவிடக் கனம் சித்தப்பா" என்றாய். ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. வந்தவர்களை நீ சும்மா விடவில்லை. ஒருத்தரை வரவேற்பில் நிறுத்தினாய், இரண்டு பேரை நர்ஸ் ஆக்கினாய், நாலு பேரிடம் கயிற்றுக் கட்டிலைக் கொடுத்து ஸ்ட்ரெச்சர் என்றாய். அவர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடக்க, நீ அங்கிருந்து கத்தினாய்: "ஏலே, சுவத்துக்குள்ள போறீங்க! வழியில போங்க, வழியில!" அவர்களும் பயந்துபோய்ப் பின்னால் வந்தார்கள். யாருக்கும் பயப்படாதவை ஆடுகள் மட்டும்தான். அவை வட்டத்துக்குள் புகுந்து, அயனிகளை வளைத்துத் திருப்பும் காந்தங்கள் இருக்க வேண்டிய இடத்தில் படுத்து அசை போட்டன.

அன்றைக்குச் சாயங்காலம் உன்னைப் பெண் பார்க்க உச்சிப்புளியிலிருந்து வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை கால்நடை மருத்துவர். அப்பா இல்லை, அம்மா மட்டும். சம்பந்தம் பேசிய தரகர் முதல் நாளே என்னைத் தனியாக அழைத்து, "உங்க வீட்டு அக்காவுக்கு வந்த சீக்கைப் பத்தி இப்ப வாயைத் திறக்காதீக. முடிஞ்ச கதை. சொன்னா பரம்பரை நோயும்பாக" என்று சொல்லியிருந்தார். உனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம், ஒரு காரணமும் சொல்லாமல் விலகிப் போயிருந்தது. நான் தரகரிடம் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெயில் இறங்கிய பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்துத் தயாராகிவிடலாம் என்றுதான் நாம் எல்லாரும் நினைத்திருந்தோம். அவர்களோ சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். வீட்டில் ஆள் இல்லை. யாரோ கண்மாய்ப் பக்கம் கை காட்டியிருக்கிறார்கள். நான் நிமிர்ந்து பார்க்கிறேன், கரையில் கார் நிற்கிறது. பட்டுச்சேலையில் ஓர் அம்மாவும், பக்கத்தில் மாப்பிள்ளையும், அவருடைய தாய்மாமனும், தலையில் கை வைத்தபடி நம் தரகரும். உன் முகமெல்லாம் சுண்ணாம்பு. உன் அம்மா கயிற்றுக் கட்டிலில் நோயாளியாகப் படுத்திருக்கிறாள்.

"கல்யாணத்துக்கு இம்புட்டுப் பெரிய பந்தலா போடப் போறீக?" என்றுதான் உன் மாமியார் முதலில் கேட்டார். நீ ஓடி ஒளிந்திருந்தால் நாலு பேர் மெச்சியிருப்பார்கள். நீ ஓடவில்லை. "வாங்க, செருப்பு வெளிய கழட்ட வேண்டாம், இது வராண்டா" என்று அவர்களைக் கோட்டு வழியாகவே அழைத்து வந்தாய். அவர்களும் என்ன காரணத்தாலோ சுவரை மிதிக்காமல் வளைந்து வளைந்து வந்தார்கள். அப்போதுதான் கட்டிலில் கிடந்த உன் அம்மா பேச ஆரம்பித்தாள். யாரையும் பார்த்து இல்லை, உன்னிடம்தான் சொன்னாள். "இந்த வளைவுல வரும்போதுதான் தாயி பயம் வரும். மதுரையில எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. முன்னால ஒண்ணும் தெரியாது, இருட்டா இருக்கும். உள்ள கொண்டுபோய்ப் படுக்க வச்சுட்டு எல்லாரும் வெளிய போயிட்டாக. கதவைச் சாத்திட்டாக. நான் மட்டும்."

தரகர் மேலே வானத்தைப் பார்த்தார். உன் மாமியார் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, "மதுரையில எதுக்கு?" என்றார்.

"புத்து நோய். கழுத்துல. இவ சின்னப் புள்ளையா இருக்கையில."

"இப்ப?"

"இப்ப எச்சில் மட்டும் ஊறாது. பேச்சு குறையலைன்னு இவுக வருத்தப்படுவாக" என்று என்னைக் கை காட்டினாள். யாரோ சிரித்தார்கள். தாய்மாமன் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை வளைவில் போய் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். உன்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு என்ன என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்: "இருட்டான இடத்துக்குள்ள மாடு காலை வைக்காதுங்க. எத்தனை அடிச்சாலும் நகராது. முன்னால வெளிச்சம் தெரிஞ்சா அதுவா நடந்து போகும்." மாட்டையும் நோயாளியையும் ஒன்றாகச் சொன்னது அவருக்கே பிறகுதான் உறைத்தது. காது சிவந்து போனது. நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீயோ சுண்ணாம்புக் கையோடு அவர் பக்கத்தில் போய், "எங்க வெளிச்சம் வைக்கணும்? வளைவுக்கு முன்னாலயா, திரும்பின பெறகா?" என்றாய். "திரும்பின பெறகு. வளைவுல நிக்கும்போது அந்தப் பக்கத்துச் சுவர் பளிச்சுனு தெரியணும்" என்றார். பிறகு இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டீர்கள். அவரே கட்டிலில் படுத்தார், நாலு பேர் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்பினார்கள், நீ கூடவே நடந்து எங்கே இடிக்கிறது என்று குறித்துக்கொண்டாய். உன் மாமியார் வெயிலில் நின்று பார்த்துவிட்டு உன் அம்மாவிடம், "ஆமா, கூட வந்தவுக எங்கன உக்காருவாக? ஒரு ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா நம்ம பக்கம் அஞ்சு பேரு போவோம்ல" என்றார். நீ அந்தப் பக்கம் திரும்பி, சுண்ணாம்பை எடுத்துப் பெரிதாக ஒரு கட்டம் போட்டாய்.

இத்தனையும் நடந்த பிறகு, வீட்டில் காபி குடித்துவிட்டுத் தாய்மாமன், "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க நான் உன் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. "சொல்லாம இருந்திருக்கலாம்ல" என்று ஒரே ஒரு தரம் கேட்டேன். "மறைச்சுக் கட்டிக்கொடுத்துட்டு, நான் இந்தச் செம்பைத் தூக்கிக்கிட்டு அவுக வீட்டுக்கு எப்படிப் போவேன்? இது என்னன்னு கேட்டா என்ன சொல்ல?" என்றாள். நீ இதில் எதிலும் கலந்துகொள்ளாமல் மேஜையில் குனிந்து வரைந்துகொண்டே இருந்தாய். ஆனால் போன் அடித்தால் முதலில் எழுந்து போனது நீதான். அதில் பாதி நேரம் மாப்பிள்ளையோடு மாட்டுக் கொட்டகை வெளிச்சத்தைப் பற்றிப் பேச்சு நடந்தது என்பதை நான் அப்போது கவனிக்காத மாதிரி இருந்தேன்.

பிறகு ஒரு காலையில் உன் மாமியார் மட்டும் தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். பட்டுச்சேலை இல்லை, கையில் ஒரு பை நிறையக் கருவாடு. வந்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "எங்க அண்ணனுக்குப் பயம். எனக்கும் பயந்தான், பொய் சொல்லக் கூடாது. அதான் ராமநாதபுரத்துல டாக்டர்ட்டப் போயிக் கேட்டேன்." உன் அம்மா, "என்ன சொன்னாரு?" என்றாள். "அம்மாவுக்கு வந்துச்சுன்னா மகளுக்கும் வந்தே தீரும்னு இல்லை, பயப்படாதீகன்னாரு. இன்னும் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யுது. இருந்துட்டுப் போகுது. எனக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கு." உன் அம்மா சிரித்துக்கொண்டே அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கதிர் கொடுத்த காலத்தில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

தாயி, உன் மாமியாரிடம் நீ கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பயம் போன பிறகுதான் முடிவெடுப்பேன் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. நீ எல்லாம் சரியாக இருந்தால்தான் ஓர் அடி எடுத்து வைப்பவள். வேலையில் அது நல்லதுதான். உன் வேலையில் ஒரு நூல் பிசகினால் ஒரு மனுஷனுக்கு ஆபத்து. வீட்டில் அப்படி இருக்காதே. மாப்பிள்ளை பாத்திரத்தை மாற்றி அடுக்கினால் அடுக்கிவிட்டுப் போகட்டும். உடம்புக்கு முடியவில்லை என்றால் இருவரும் ஒருவருக்கொருவர் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவர் வருத்தப்படுவார் என்று நீயும், நீ பயப்படுவாய் என்று அவரும் பொத்தி வைக்க வேண்டாம்.

அந்தத் திட்டம் நின்றுபோனபோது நீ எவ்வளவு நொறுங்கிப்போனாய் என்று எனக்குத் தெரியும். படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு இவ்வளவு பெரிய செலவு முடியாது என்று உங்கள் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நிச்சயம் முடிந்த சமயம். நீ போன் பண்ணி, "எல்லாம் வீண்யா" என்றாய். நான் அன்று ஆறுதல் சொல்லத் தெரியாமல், இந்த வருஷம் மிளகாய்ப் பூ நிறைய வைத்திருக்கிறது என்று ஏதோ உளறினேன். மழையை நம்பி விதைக்கிறவனுக்கு இதற்கு மேல் பேசத் தெரியாது. ஒரு வருஷம் பொய்த்தால் நாங்கள் நிலத்தைக் கோபிப்பதில்லை, அடுத்த வருஷமும் உழுவோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தில் நீ அந்த வளைந்த வழியையும், திரும்பின இடத்து வெளிச்சத்தையும், கூட வருபவர்கள் உட்காரும் கூடத்தையும் காட்டிப் பேசியிருக்கிறாய். அதைக் கேட்ட ஜப்பான்காரர்கள், தாங்கள் புதிதாகக் கட்டப்போகும் இடத்தை வரைய வா என்று உன்னைக் கூப்பிட்டார்கள். இதைக் கேட்டதும் உன் அம்மா தெருவெல்லாம் சொன்னது இதுதான்: "மாட்டு டாக்டர் சொன்ன யோசனையில மனுச ஆஸ்பத்திரி கட்டப் போறாக!" மாப்பிள்ளையும் லீவு போட்டுக்கொண்டு, அங்கே ஏதோ படிக்கப் போவதாக உன்னோடு கிளம்பிவிட்டார். பெண்டாட்டி வேலைக்காக ஊர் விட்டு ஊர் போகிற ஆளை நான் என் காலத்தில் பார்த்ததில்லை. தங்கமாக வைத்துக்கொள்.

நீ அங்கேயே இருந்துவிடுவாயா, வந்து நம் நாட்டில் ஒன்று கட்டுவாயா என்று நான் கேட்கப் போவதில்லை. உன் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று உனக்கும் தெரியாது. நீ அவசரப்படாதே. முழுசாகக் கற்றுக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. அங்கே எல்லாவற்றையும் பச்சையாகத் தின்கிறார்களாமே, அப்படியெல்லாம் பழகிவிடாதே.

உன் அம்மா எங்கே என்று சொல்லவில்லையே. கண்மாயில் அத்தனை பேர் முன்னால் தனக்கு வந்த நோயைச் சொன்னதிலிருந்து அவளைத் தேடிப் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சேலைத் தலைப்பில் வாயை மூடிக்கொண்டு வருவார்கள், அடுக்களைக்குள் போய்க் குசுகுசு என்று பேசுவார்கள். போன வாரம் காரங்காட்டிலிருந்து ஓர் அம்மா வந்தது. கன்னத்துக்குள் புண். டாக்டர் மதுரைக்குப் போகச் சொல்லியும், கதிர் அறைக்குள் தனியாகப் போக மாட்டேன் என்று பிடிவாதமாக வீட்டிலேயே இருந்திருக்கிறது. உன் அம்மா இரண்டு சேலையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, "நான் வாரேன் உன்கூட, கெளம்பு" என்று பஸ் ஏறிவிட்டாள். என்னிடம் சொன்னது, "பானையில சோறு இருக்கு" என்பது மட்டும்தான்.

இன்று மத்தியானம் மதுரையிலிருந்து போன் பண்ணினாள். அந்த அம்மாவுக்குக் கதிர் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களாம். உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதும் அந்த அம்மா அழுததாம். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? வெளியே டெக்னீசியன் பேசுகிற மைக் ஒன்று இருக்கிறதாம், நோயாளியிடம் அசையாதே என்று சொல்வதற்காக. அவரிடம் கெஞ்சி அதை வாங்கிக்கொண்டாளாம்.

"என்ன பேசினே?" என்று கேட்டேன்.

"என்னத்தப் பேச? எம் மக கல்யாணத்துல பந்தியில என்னென்ன போட்டோம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பாயசத்துக்கு வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நாளைக்கும் வந்து மிச்சத்தைச் சொல்லுன்னு கேக்குது அந்தம்மா."

உன் அய்யா